பார்மட் செய்யும் முன்... பழைய கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் பேக் அப்

கம்ப்யூட்டரில் உள்ள பைல்களைக் காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நாமும் போட்டோக்களையும் கடிதங்களையும் சிடியிலோ பென் டிரைவிலோ பதிந்து வைக்கிறோம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை நாம் பழகிய கம்ப்யூட்டராக வைத்திருக்கும் செட்டிங்ஸை யாரும் காப்பி எடுப்பதில்லை. 2009 வரை நானும் எடுத்ததில்லை.

எங்கள் வீட்டில் 2005ல் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி, 256 எம்.பி. ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதை அதிகம் பயன்படுத்துபவர் என் அப்பா. அந்தக் காலத்திலேயே தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். பணி ஓய்வுக்குப் பிறகு தன் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி தினமும் ஒரு பக்கம் டைப் செய்து வந்தார். அவருக்குப் பழகிய டைப்ரைட்டர் கீ போர்டு முறையில் இயங்கும் ஒரு தமிழ் சாப்ட்வேரும், அதனுடன் வந்த எழுத்துருவும் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தன. யூனிகோட் பரவலாகும் முன் வந்த எழுத்துரு அது.

2009ல் பழைய குடும்பப் போட்டோக்களை ஸ்கேன் செய்யலாம் என்று, ஏற்கனவே ஒருவர் பயன்படுத்திய ஸ்கேனர் ஒன்றை வாங்கி வந்தேன். அதனுடன் கிடைத்த டிரைவர் சிடி வேறு விண்டோஸ் பதிப்புக்கானது. அதைக் கவனிக்காமல் இன்ஸ்டால் செய்துவிட்டேன். ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு நொடி நீலத் திரை. மீண்டும் ரீஸ்டார்ட். மீண்டும் நீலத் திரை. ஒரு டெக்னீஷியனை அழைத்தேன்.

"சார், டாகுமெண்ட்ஸ் எல்லாத்தையும் டி டிரைவுக்கு எடுத்துட்டேன். சி டிரைவை பார்மட் பண்ணி புதுசா விண்டோஸ் போட்டுடலாம். ரெண்டு மணி நேர வேலை" என்றார். சரி என்றேன். அவர் சொன்னபடியே செய்தும் கொடுத்தார். ஒரு பைல்கூடத் தொலையவில்லை.

அன்று மாலை அப்பா தன் பைலைத் திறந்தார். திரை முழுவதும் மேலே புள்ளியும் கோடும் வைத்த ஆங்கில எழுத்துகள். "என்னப்பா, நான் எழுதினதா இது?" என்று கேட்டார். பைல் இருந்தது, அதைப் படிக்கத் தேவையான எழுத்துரு சி டிரைவோடு போய்விட்டது. தமிழ் சாப்ட்வேரின் சிடியைத் தேடினால் வீட்டில் எங்கும் இல்லை. மூன்று மாதம் கழித்து சித்தப்பா வீட்டு அலமாரியில் கிடைத்தது. அந்த மூன்று மாதமும் அப்பா எதுவும் எழுதவில்லை. எல்லாம் சரியான பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர், "எங்கே விட்டேன்னு மறந்து போச்சுப்பா" என்றார்.

டேட்டா வேறு, செட்டிங்ஸ் வேறு; இரண்டையும் காப்பி எடுக்க வேண்டும். அதோடு, எடுத்த காப்பி திரும்ப வருகிறதா என்று ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது இவ்வளவுதான். உறவினரிடமிருந்தோ கடையிலிருந்தோ ஒரு பழைய கம்ப்யூட்டர் உங்கள் கைக்குப் புதிதாக வந்திருந்தால், அதைப் பயன்படுத்தத் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். முதலில் எக்ஸ்பியை வைத்து விளக்குகிறேன். அதன் பின் வந்த விண்டோஸ் பதிப்புகளுக்கான குறிப்பு கடைசியில் இருக்கிறது.

செட்டிங்ஸ் எங்கே இருக்கின்றன?

பெரும்பாலான செட்டிங்ஸ் ரெஜிஸ்ட்ரி என்ற தகவல் தொகுப்பில் பதியப்படுகின்றன. எந்தப் பைலை எந்தப் புரோகிராம் திறக்க வேண்டும், எந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவர், மவுஸ் எவ்வளவு வேகமாக நகர வேண்டும், விண்டோஸ் தொடங்கும்போது எந்தப் புரோகிராம்கள் தாமாக இயங்க வேண்டும் என எல்லாம் இதில் இருக்கும். சமையலறையில் டப்பாக்கள் எல்லாம் அப்படியே இருக்க, அவற்றின் மேல் ஒட்டிய லேபிள்களை மட்டும் யாரோ கிழித்துவிட்டால் எப்படி இருக்கும்? ரெஜிஸ்ட்ரி கெட்டுப்போனால் விண்டோஸுக்கு அந்த நிலைதான்.

எக்ஸ்பியில் ரெஜிஸ்ட்ரி என்பது ஒரே பைல் அல்ல. விண்டோஸ் போல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்பிக் என்ற போல்டரில் சிஸ்டம், சாப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டிபால்ட் என்ற பெயர்களில் ஐந்து முக்கிய பைல்கள் உள்ளன. ஒவ்வொரு பயனாளருக்கும் உரிய செட்டிங்ஸ் அவரவர் போல்டரில் தனி பைலாக இருக்கும். விண்டோஸ் இயங்கும்போது இந்தப் பைல்கள் பயன்பாட்டில் இருப்பதால், மற்ற பைல்களைப் போல இவற்றை காப்பி, பேஸ்ட் செய்ய முடியாது. அதனால்தான் இதற்கெனத் தனி வழிகள் தேவைப்படுகின்றன.

முதல் வழி: சிஸ்டம் ரெஸ்டோர்

சிஸ்டம் ரெஸ்டோர் 2000ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் மில்லேனியம் பதிப்பில் அறிமுகமாகி, 2001ல் எக்ஸ்பிக்கு வந்தது. ரெஜிஸ்ட்ரியையும் முக்கியமான சிஸ்டம் பைல்களையும் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் இருந்தபடியே இது பதிந்து வைத்துக்கொள்ளும். இப்படிப் பதிந்ததற்கு ரெஸ்டோர் பாயிண்ட் என்று பெயர்.

கம்ப்யூட்டர் இயக்கத்தில் இருந்தால் எக்ஸ்பி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே ஒரு பாயிண்ட்டை உருவாக்கும். மைக்ரோசாப்டின் சான்று பெறாத டிரைவரை நிறுவும்போதும் ஒன்றை உருவாக்கும். அப்படியானால் ஸ்கேனர் டிரைவரை நான் நிறுவியபோது ஏன் உருவாகவில்லை? அதற்கு ஒரு மாதம் முன்பு பென் டிரைவ் வழியாக வந்த வைரஸ் ஒன்றை நீக்கியபோது, சிஸ்டம் ரெஸ்டோரை நிறுத்திவிட்டேன். ரெஸ்டோர் பாயிண்ட்களுக்குள் வைரஸ் ஒளிந்திருக்கும் என்பதால் அப்போது அப்படிச் செய்வது வழக்கம். ஆனால் நிறுத்தியவுடன் இருந்த பாயிண்ட்கள் அத்தனையும் அழிந்துவிடும் என்பதும், அதைத் திரும்ப நாம்தான் இயக்கி வைக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

ஆகவே முதலில் இதைச் சோதியுங்கள்:

1. மை கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும்.

2. கிடைக்கும் விண்டோவில் சிஸ்டம் ரெஸ்டோர் டேபைக் கிளிக் செய்திடவும்.

3. டர்ன் ஆப் சிஸ்டம் ரெஸ்டோர் என்பதன் எதிரே டிக் அடையாளம் இருந்தால் அதை எடுத்துவிட்டு, ஓகே தரவும்.

இனி நாமே ஒரு பாயிண்ட்டை உருவாக்கலாம்:

1. ஸ்டார்ட், ஆல் புரோகிராம்ஸ், ஆக்சசரீஸ், சிஸ்டம் டூல்ஸ், சிஸ்டம் ரெஸ்டோர் எனச் செல்லவும்.

2. கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கிளிக் செய்திடவும்.

3. பெயர் கேட்கப்படும். "டெஸ்ட்" என்றெல்லாம் தராமல், "ஸ்கேனர் டிரைவருக்கு முன்" என்பது போல, பிறகு பார்த்தால் புரியும்படி ஒரு பெயர் தரவும்.

4. கிரியேட் பட்டனில் கிளிக் செய்திடவும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

புதிய புரோகிராம், டிரைவர், ரெஜிஸ்ட்ரி மாற்றம் எதுவானாலும், அதற்கு முன் இந்த நான்கு படிகளையும் செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இடம் பற்றி ஒரு எச்சரிக்கை. 4 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவில் எக்ஸ்பி இதற்காக அதிகபட்சம் 12 சதவீத இடத்தை எடுத்துக்கொள்ளும். 20 ஜிபி சி டிரைவ் என்றால் ஏறக்குறைய 2.4 ஜிபி. அது நிரம்பினால் மிகப் பழைய பாயிண்ட்கள் முதலில் நீக்கப்படும். 90 நாட்களுக்கு மேல் எந்தப் பாயிண்ட்டும் தங்காது. விண்டோஸ் இருக்கும் டிரைவில் காலி இடம் 50 எம்.பி.க்குக் கீழே போனால் சிஸ்டம் ரெஸ்டோர் நின்றுவிடும். இருந்த பாயிண்ட்களும் போய்விடும். மீண்டும் 200 எம்.பி. காலி இடம் கிடைத்தால்தான் வேலை செய்யும். பழைய, சிறிய ஹார்ட் டிஸ்க்குகளில் இது அடிக்கடி நடக்கும். ஆகவே சி டிரைவில் எப்போதும் 1 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள்.

ரெஸ்டோர் செய்வது எப்படி?

அதே சிஸ்டம் ரெஸ்டோர் விண்டோவில், ரெஸ்டோர் மை கம்ப்யூட்டர் டு அன் எர்லியர் டைம் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஒரு காலண்டர் கிடைக்கும். ரெஸ்டோர் பாயிண்ட் உள்ள தேதிகள் தடித்த எழுத்தில் இருக்கும். பிரச்னை தொடங்கியதற்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் தரவும். திறந்துள்ள பைல்களை சேவ் செய்து மூடிவிட்டுத் தொடரவும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, பழைய நிலைக்குத் திரும்பியதைத் தெரிவிக்கும். திருப்தி இல்லை என்றால் மீண்டும் அதே விண்டோவைத் திறந்து, அன்டூ மை லாஸ்ட் ரெஸ்டோரேஷன் மூலம் செய்ததை நீக்கிவிடலாம்.

விண்டோஸே திறக்கவில்லை என்றால்? கம்ப்யூட்டரை ஆன் செய்து, விண்டோஸ் லோகோ வரும் முன் எப் 8 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஒரு மெனு கிடைக்கும். அதில் இரண்டு வரிகள் நமக்கு முக்கியம்.

ஒன்று, லாஸ்ட் நோன் குட் கான்பிகரேஷன். கடைசியாக விண்டோஸ் சரியாகத் தொடங்கி நாம் லாக் ஆன் செய்தபோது இருந்த டிரைவர் மற்றும் சர்வீஸ் செட்டிங்ஸை இது திரும்பக் கொண்டுவரும். தவறான டிரைவரை நிறுவி, அதன் பிறகு ஒருமுறைகூட லாக் ஆன் செய்ய முடியாத நிலையில் முதலில் முயல வேண்டியது இதைத்தான். எங்கள் கம்ப்யூட்டர் அன்று அந்த நிலையில்தான் இருந்தது. எப் 8 என்ற ஒரே ஒரு கீயை நான் அறிந்திருந்தால் டெக்னீஷியனையே கூப்பிட்டிருக்க வேண்டாம். ஆனால் பிரச்னைக்குப் பின் ஒருமுறை லாக் ஆன் செய்துவிட்டால், கெட்டுப்போன நிலையே நல்ல நிலையாகப் பதிவாகிவிடும். பிறகு இதனால் பயனில்லை.

இரண்டாவது, சேப் மோட். மிகக் குறைந்த டிரைவர்களுடன் விண்டோஸ் திறக்கும். அங்கிருந்தும் சிஸ்டம் ரெஸ்டோரை இயக்கலாம். ஆனால் சேப் மோடில் புதிய பாயிண்ட் உருவாகாது. ஆகவே அங்கு செய்த ரெஸ்டோரை அன்டூ செய்ய இயலாது.

சிஸ்டம் ரெஸ்டோர் செய்யாதவை

புதியவர்கள் பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நீங்கள் அழித்த கடிதத்தையோ போட்டோவையோ சிஸ்டம் ரெஸ்டோர் மீட்டுத் தராது. மை டாகுமெண்ட்ஸ் போல்டரை அது தொடுவதே இல்லை. மறந்துபோன பாஸ்வேர்டையும் திரும்பத் தராது. அந்தத் தேதிக்குப் பின் நிறுவிய புரோகிராம்கள் சரியாக இயங்காமல் போகலாம். அவற்றை மீண்டும் இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும். டெஸ்க்டாப்பில் இறக்கி வைத்த புரோகிராம் பைல்கள் காணாமல் போவதும் உண்டு. அவற்றை மை டாகுமெண்ட்ஸ் போல்டரில் வைத்தால் பாதுகாப்பு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ரெஸ்டோர் பாயிண்ட்கள் அதே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. டிஸ்க் பழுதானாலோ பார்மட் செய்தாலோ அவையும் போய்விடும். ஆகவே வெளியே எடுத்து வைக்கும் வழி ஒன்றும் தேவை.

இரண்டாவது வழி: ரெஜிஸ்ட்ரியை எக்ஸ்போர்ட் செய்தல்

"ரெஜிஸ்ட்ரியில் இந்த வரியை மாற்றுங்கள்" என்று ஏதாவது டிப்ஸ் படித்து முயல்பவர்களுக்கு இது அவசியம்.

1. ஸ்டார்ட், ரன் கிளிக் செய்து, கிடைக்கும் கட்டத்தில் ரெஜ்எடிட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். ஆர், இ, ஜி, இ, டி, ஐ, டி என ஏழு எழுத்துகள், இடையில் இடைவெளி கூடாது.

2. இடது பக்கம் ஐந்து பெரிய பிரிவுகள் தெரியும். நீங்கள் மாற்றப்போகும் கீ எதுவோ, அதைக் கண்டுபிடித்துக் கிளிக் செய்திடவும்.

3. பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் தேர்ந்தெடுக்கவும். கீழே செலக்டட் பிராஞ்ச் என்பது தேர்வாகியிருக்கிறதா எனப் பார்க்கவும்.

4. பெயரும் இடமும் தந்து சேவ் செய்திடவும். பைல் பெயருடன் டாட் ரெஜ் என்ற துணைப் பெயர் சேரும்.

மாற்றம் சரிவரவில்லை என்றால் இந்த ரெஜ் பைலில் டபுள் கிளிக் செய்து, கேட்கும்போது யெஸ் தந்தால் பழைய மதிப்புகள் திரும்ப வரும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ரெஜ் பைல், தன்னிடம் உள்ளவற்றை ரெஜிஸ்ட்ரியில் சேர்க்கும் அல்லது மாற்றி எழுதும். ஆனால் இடையில் புதிதாகச் சேர்ந்தவற்றை அது நீக்காது. ஆகவே முழு ரெஜிஸ்ட்ரியையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு, ஒரு நாள் அதை டபுள் கிளிக் செய்தால் கம்ப்யூட்டர் அப்படியே பழைய நிலைக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் அப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் சில கீகளில் எழுதவும் முடியாது. ஒரு சிறு பகுதியை மாற்றும்போது அந்தப் பகுதியைக் காப்பதற்கு மட்டுமே இந்த வழி. மேலும், யாரோ தந்த ரெஜ் பைலை என்னவென்று தெரியாமல் டபுள் கிளிக் செய்யாதீர்கள்.

மூன்றாவது வழி: சிஸ்டம் ஸ்டேட் பேக் அப்

முழு ரெஜிஸ்ட்ரியையும் பூட் பைல்களையும் சேர்த்து ஒரே பைலாக எடுக்க, எக்ஸ்பியுடனேயே பேக் அப் என்ற புரோகிராம் தரப்பட்டுள்ளது. எக்ஸ்பி புரொபஷனல் பதிப்பில் இது முன்பே நிறுவப்பட்டிருக்கும். ஹோம் எடிஷன் என்றால், விண்டோஸ் சிடியில் வேல்யூஆட் என்ற போல்டர், அதற்குள் எம்எஸ்எப்டி, அதற்குள் என்டிபேக்அப் எனச் சென்று, அங்குள்ள இன்ஸ்டால் பைலில் டபுள் கிளிக் செய்திடவும்.

1. சிஸ்டம் டூல்ஸ் மெனுவில் பேக் அப் தேர்ந்தெடுக்கவும். விஸார்ட் திறந்தால் அட்வான்ஸ்டு மோட் என்ற லிங்க்கில் கிளிக் செய்திடவும்.

2. பேக் அப் டேபில், இடது பக்கம் சிஸ்டம் ஸ்டேட் எதிரே டிக் செய்திடவும்.

3. கீழே பிரவுஸ் கிளிக் செய்து, பைலை எங்கே வைப்பது எனக் காட்டவும். பெயரில் தேதியும் இருக்கட்டும்.

4. ஸ்டார்ட் பேக் அப் தரவும்.

சில நூறு எம்.பி. அளவில் ஒரு பைல் கிடைக்கும். இந்தப் புரோகிராம் நேரடியாக சிடியில் எழுதாது. ஹார்ட் டிஸ்க்கில் உருவாக்கி, பிறகு பென் டிரைவுக்கு மாற்றுங்கள். டி டிரைவில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். ஒரே ஹார்ட் டிஸ்க்கைத்தான் சி என்றும் டி என்றும் பிரித்திருக்கிறோம். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

திரும்பக் கொண்டுவர, அதே புரோகிராமில் ரெஸ்டோர் அண்ட் மேனேஜ் மீடியா டேபில் அந்தப் பைலைத் தேர்ந்தெடுத்து, சிஸ்டம் ஸ்டேட் எதிரே டிக் செய்து, ஸ்டார்ட் ரெஸ்டோர் தரவும். ஒரு கம்ப்யூட்டரில் எடுத்ததை வேறு கம்ப்யூட்டரில் போடக் கூடாது. வன்பொருள் வேறு என்பதால் அது திறக்காமலே போகலாம். அதே போல், கடிதங்களையும் போட்டோக்களையும் இந்தப் பேக் அப் பைலுக்குள் மட்டும் வைக்காதீர்கள். விஸ்டா முதல் வந்த விண்டோஸ் பதிப்புகளில் இந்தப் புரோகிராம் இல்லை. அவற்றைச் சாதாரணமாகவே காப்பி செய்து வையுங்கள்.

கையால் எடுக்க வேண்டியவை

மேலே சொன்ன எதிலும் முழுமையாக அடங்காத சில உண்டு. பென் டிரைவில் செட்டிங்ஸ் என்று ஒரு போல்டர் உருவாக்கி இவற்றைப் போட்டு வையுங்கள்.

* விண்டோஸ் போல்டருக்குள் உள்ள பான்ட்ஸ் போல்டரில், நீங்கள் தனியாகச் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள். அப்பாவுக்கு அன்று தேவைப்பட்டது சில கேபி அளவுள்ள இந்த ஒரு பைல்தான்.

* மதர்போர்டு, சவுண்ட், டிஸ்பிளே, பிரிண்டர் டிரைவர்கள். சிடியில் இருந்தால் அதையும் காப்பி எடுங்கள். பழைய சாதனங்களின் டிரைவர்களை இப்போது தேடினாலும் கிடைப்பது கடினம்.

* இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் பேவரிட்ஸ் போல்டர்.

* அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பயன்படுத்தியிருந்தால் அதன் பழைய மெயில்கள். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மெயின்டெனன்ஸ், ஸ்டோர் போல்டர் எனச் சென்றால் அவை இருக்கும் இடம் தெரியும்.

* சாப்ட்வேர்களின் சீரியல் எண்கள். இவற்றை ஒரு நோட்டில் கையால் எழுதி வையுங்கள்.

பயாஸ் செட்டிங்ஸும் நோட்டும்

விண்டோஸுக்கும் அடியில் பயாஸ் செட்டிங்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்து, மின் இணைப்பையும் எடுத்துவிட்ட பின், இந்த செட்டிங்ஸையும் கடிகாரத்தையும் காப்பது மதர்போர்டில் உள்ள சிறிய வட்டமான பேட்டரி. பெரும்பாலும் சிஆர் 2032 வகை. சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். சிமாஸ் செக்சம் எர்ரர் என்ற செய்தி வரும். செட்டிங்ஸ் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. சாட்டா ஹார்ட் டிஸ்க் உள்ள சில கம்ப்யூட்டர்களில் எக்ஸ்பியை ஐடிஇ மோடில் நிறுவியிருப்பார்கள். பேட்டரி தீர்ந்து பயாஸ் தானாக ஏஹெச்சிஐ மோடுக்குப் போனால், அதற்கான டிரைவர் இல்லாத எக்ஸ்பி நீலத் திரையுடன் நின்றுவிடும். திரையில் கடைசி இரு எழுத்துகள் 7பி என்று முடியும் ஸ்டாப் எண் தெரியும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று பலர் பதறுவார்கள். மோடை மாற்றினால் போதும்.

ஆகவே ஒருமுறை பயாஸுக்குள் சென்று, எதையும் மாற்றாமல், ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பூட் வரிசை, டிஸ்க் மோட் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போது டெலீட் அல்லது எப் 2 கீயைத் தட்டினால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் பயாஸ் திறக்கும். வெளியேறும்போது சேவ் செய்யாமல் வெளியேறவும்.

ஒத்திகை பாருங்கள்

பேக் அப் எடுத்ததோடு வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். எல்லாம் நன்றாக இயங்கும் ஒரு நாளில் ஒத்திகை பாருங்கள். ஒரு ரெஸ்டோர் பாயிண்ட்டை உருவாக்குங்கள். பிறகு கண்ட்ரோல் பேனலில் மவுஸ் பகுதிக்குச் சென்று, பாயிண்டரின் வடிவத்தை மாற்றுங்கள். இப்போது ரெஸ்டோர் செய்யுங்கள். பழைய பாயிண்டர் திரும்ப வந்தால், உங்கள் சிஸ்டம் ரெஸ்டோர் வேலை செய்கிறது. வரவில்லை என்றால், இன்றே தெரிந்ததற்குச் சந்தோஷப்படுங்கள். அதே போல், பென் டிரைவில் வைத்த எழுத்துருவையும் ஒரு பழைய பைலையும் வேறு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள்.

மற்ற விண்டோஸ் பதிப்புகள்

எக்ஸ்பிக்கான மைக்ரோசாப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8ல் முடிந்துவிட்டது. அதன் பின் பாதுகாப்பு பைல்கள் வழக்கமாக வருவதில்லை. ஆகவே எக்ஸ்பி கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைக்காமல், டைப்பிங், ஸ்கேனிங் போன்ற வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. பேங்க் வேலைகள் அதில் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14லும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14லும் முடிந்தன.

விண்டோஸ் 7ல் கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், சிஸ்டம் புரொடக்ஷன் எனச் சென்றால் ரெஸ்டோர் பாயிண்ட் உருவாக்கலாம். கண்ட்ரோல் பேனலில் பேக் அப் அண்ட் ரெஸ்டோர் பகுதியில், முழு சி டிரைவையும் வெளி டிஸ்க்கில் இமேஜாக எடுக்கும் வசதியும் உண்டு. விண்டோஸ் 10, 11 எனில் தேடல் கட்டத்தில் கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் அதே விண்டோ கிடைக்கும். பல கம்ப்யூட்டர்களில் இந்த வசதி நிறுத்தப்பட்டே இருக்கும். கான்பிகர் கிளிக் செய்து இயக்கி வைக்கவும்.

எங்கள் வீட்டு எக்ஸ்பி கம்ப்யூட்டருக்கு இடையில் ஹார்ட் டிஸ்க் ஒருமுறை மாற்றினோம். சென்ற ஆண்டு பயாஸ் பேட்டரியும் தீர்ந்தது. புது பேட்டரி போட்டு, நோட்டைப் பார்த்து செட்டிங்ஸைச் சரிசெய்ய எனக்குப் பத்து நிமிடம் ஆனது. பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "எழுத்தெல்லாம் வருதா பாருப்பா" என்றார். பைலைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நேற்று விட்ட வரியிலிருந்து டைப் செய்யத் தொடங்கினார்.

உங்கள் கம்ப்யூட்டரில் சிஸ்டம் ரெஸ்டோர் இயங்குகிறதா? அதை இன்றே பார்த்துவிடுங்கள்.